ஒரு பேச்சுக்கு இரு கட்டணமா?

முற்கொடுப்பனவுக் கைபேசிக் கணக்கைப் புரிந்துகொள்ளும் வழி

கைபேசி இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. அக்கைபேசியைப் பற்றி ஒரு முறைப்பாடாவது எழாத வீட்டைக் காண்பது அதனினும் அரிது. "ஒருமுறைதான் பேசினேன், இரண்டு முறை காசை எடுத்துவிட்டான்" என்பதே அம்முறைப்பாடு. பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மாணவன் சொல்கிறான்; ஓய்வூதியம் பெறும் பாட்டனார் சொல்கிறார்; சந்திக்கடையில் நூறு ரூபாவுக்கு ரீலோட் போட்டுக்கொண்டு வந்த தாயாரும் சொல்கிறார். எடுத்தவன் யார், எதற்காக எடுத்தான் என்று வினவினால் மாத்திரம் ஒருவரிடமும் விடை இல்லை. சற்று நேரம் ஏசிவிட்டு, மறுபடியும் ரீலோட் போடப் புறப்பட்டுவிடுகிறோம்.

இவ்வாறு ஏசிவிட்டு இருந்துவிடுவதாற் பயனில்லை. இரு முறை கழிந்ததாகத் தோன்றுபவை யாவும் மோசடியும் அல்ல. கம்பெனியின் இயந்திரத்துக்குப் பிழையே நேராது என்பதும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டறியத் தெரிந்தவருக்கே தமது பணத்தைக் கேட்டுப் பெறும் வலிமை உண்டு. அவ்வேறுபாட்டை எவ்வாறு காண்பது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பட்டியல் இல்லாத கணக்கு

இலங்கையிற் கைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அந்நாளிற் கைபேசி செல்வர்களின் பொருளாக இருந்தது. பேசிய பேச்சுக்கு மாத முடிவிற் பட்டியல் வரும். அதைப் பார்த்துப் பணம் கட்டுவார்கள். அவ்வாறு பட்டியல் அனுப்புவதற்கு, பணம் கட்டக்கூடியவர் இவர் என்ற நம்பிக்கை கம்பெனிக்கு வேண்டும். அந்த நம்பிக்கையைக் காகிதத்திற் காட்ட இயலாத கோடானுகோடி மக்களுக்குக் கைபேசியின் கதவைத் திறந்துவிட்டது முற்கொடுப்பனவு முறையே. 1995ஆம் ஆண்டிற் போர்த்துக்கல் நாட்டில் "மிமோ" என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த அட்டை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பணத்தை முதலிற் கொடுத்து, பேச்சைப் பின்னர் பெறும் அம்முறை மிக விரைவில் உலகெங்கும் பரவியது.

இம்முறையால் நன்மை பல. மாத முடிவிற் பெரிய தொகையைக் கண்டு திடுக்கிட வேண்டியதில்லை. கையில் உள்ளதற்கு மேல் செலவாகாது. ஆயினும் ஒரு குறையும் இதனுள் ஒளிந்திருக்கிறது. பிற்கொடுப்பனவுக்காரரின் கைக்கு மாதந்தோறும் பட்டியல் வருகிறது. அதில் ஐயம் தோன்றினால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வாதாடலாம். முற்கொடுப்பனவுக்காரரின் கைக்கு வருவதோ "மீதி இவ்வளவு" என்னும் ஒற்றை வரி. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு வாதாட வேண்டியவராகிறார். ஐம்பது ரூபாவைப் பெரிதாக எண்ண வேண்டிய நிலையில் இருப்பவருக்கே பட்டியல் கிடைப்பதில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டும். ஆதலால், முற்கொடுப்பனவுக் கைபேசி வைத்திருப்பவர் தமக்குத் தாமே கணக்கராகவும் இருந்தாக வேண்டும்.

எடுத்த பணமும் பிடித்துவைத்த பணமும்

இரட்டிப்பு என்ற தோற்றத்துக்கு முதற் காரணம், செலவான பணத்துக்கும் ஒதுக்கி வைத்த பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியாமையாகும்.

முன்னாளில் வாடகைச் சைக்கிள் எடுக்கச் செல்பவரிடம் கடைக்காரர் ஒரு முற்பணத்தை வாங்கி வைத்துக்கொள்வார். சைக்கிளைத் திரும்பக் கொடுத்ததும், ஓடிய நேரத்துக்குரிய வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். சைக்கிள் வெளியில் இருக்கும் வேளையிற் பையைத் தடவிப் பார்ப்பவருக்கு முழு முற்பணமும் செலவாகிவிட்டது போலவே தோன்றும். கைபேசிக் கம்பெனியின் கணக்கு இயந்திரமும் இதையே செய்கிறது. நாம் ஓர் எண்ணை அழைத்தவுடன், சில நிமிடப் பேச்சுக்குப் போதுமான தொகையை நமது மீதியிலிருந்து அது ஒதுக்கி வைக்கிறது. அந்நிமிடங்கள் தீர்ந்தால் மேலும் ஒரு பங்கை ஒதுக்குகிறது. பேச்சு முடிந்ததும் உண்மைச் செலவைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதைக் கணக்கிற் சேர்த்துவிடுகிறது. இணையத் தரவுக்கும் இதுவே முறை. இணையப் பொறியியற் பணிக்குழு என்னும் சர்வதேச அமைப்பு 2005ஆம் ஆண்டில் வெளியிட்டு 2019இற் புதுப்பித்த கணக்கீட்டு விதிகளிலே இந்த ஒதுக்கீட்டு முறை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கில் 100 ரூபா இருக்கிறது. இணையம் திறந்திருக்கிறது, அதற்கென 20 ரூபா ஒதுக்கப்பட்டுள்ளது. அதே வேளையில் ஓர் அழைப்பும் நடக்கிறது. அதற்கென 15 ரூபா ஒதுக்கப்பட்டுள்ளது. அத்தருணத்தில் மீதியைப் பார்த்தால் 65 ரூபா என்று காட்டக்கூடும். "ஒரு நிமிடத்துக்கு 35 ரூபாவா!" என்று மனம் பதறும். பேச்சும் இணையமும் முடிந்தபின், பேச்சுக்கு 3 ரூபாவும் இணையத்துக்கு 5 ரூபாவும் கழிந்து 92 ரூபா என்று கணக்கு நேராகிவிடும். பேச்சின் நடுவிலே மின்கலம் தீர்ந்தாலோ, கோபுரத்தின் அலை எட்டாத இடத்துக்குச் சென்றுவிட்டாலோ, ஒதுக்கிய தொகை திரும்புவதற்குச் சற்றுத் தாமதமாகும்.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இது: இணையத்தை நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து, மீதியை மறுபடியும் பார்க்க வேண்டும். திரும்பி வந்துவிட்ட பணத்துக்காக எவரோடும் சண்டையிட வேண்டியதில்லை.

ஒன்றெனத் தோன்றும் இரண்டு

இரண்டாவது வகை, நமக்கு ஒன்றாகத் தோன்றுவது கம்பெனியின் கணக்கில் இரண்டாக இருப்பது.

நிமிடக் கணக்கில் அறவிடும் திட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அத்திட்டத்தில் 60 செக்கன் பேசினால் ஒரு நிமிடம். 61 செக்கன் பேசினால் இரண்டு நிமிடம். "சரி, வைக்கிறேன்" என்று சொல்லும் நேரத்துக்குள் கட்டணம் இரட்டிப்பாகிவிடுகிறது. செக்கன் கணக்கில் அறவிடும் திட்டத்தில் இத்தொல்லை இல்லை. நமது திட்டம் எவ்வகையினது என்பதை அறியாமல் கட்டணத்தைப் பற்றி வாதாடுவது, அளவு கோலைப் பாராமல் துணி வாங்குவதை ஒக்கும்.

அடுத்தது, இடையில் அறுந்துபோகும் அழைப்பு. இருபது செக்கனில் அறுந்த அழைப்பை மறுபடியும் எடுத்து, மேலும் இருபது செக்கன் பேசினால், பேசியவருக்கு அஃது ஒரே பேச்சு. இயந்திரத்துக்கோ இரண்டு அழைப்புகள். நிமிடக் கணக்காயின் இரண்டு நிமிடக் கட்டணம் கழிந்துவிடும். இயந்திரம் இங்கே பிழைவிடவில்லை. எனினும் அலை சரிவரக் கிடையாமையால் அழைப்புகள் அடிக்கடி அறுந்தால், அதுவே தனியான ஒரு முறைப்பாட்டுக்கு உரிய காரணமாகும்.

அழைப்பை வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி மற்றொன்று. தந்தையார் தமது கைபேசிக்கு வரும் அழைப்புகளை வீட்டிலுள்ள மகளின் எண்ணுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாமனார் தந்தையாரை அழைக்கிறார். மகள் எடுத்துப் பேசுகிறாள். மாமனாரின் கணக்கிலிருந்து தந்தையாரின் எண் வரையுள்ள வழிக்குப் பணம் கழிகிறது. அங்கிருந்து மகளின் எண் வரையுள்ள வழிக்குத் தந்தையாரின் கணக்கிலிருந்து கழிகிறது. ஒரு பேச்சு, இரண்டு கணக்கு. தாம் வாய் திறவாமலே பணம் போயிற்று என்று தந்தையார் திகைப்பது இதனாலேதான்.

வெளிநாட்டுப் பயணத்தில் இதுவே பெருந்தொகையாக மாறிவிடுவதுண்டு. கொழும்பிலிருந்து சென்னைக்குச் சென்றவர் தமது இலங்கை எண்ணை அங்கேயும் பாவிக்கிறார். கொழும்பிலிருந்து ஒருவர் அவரை அழைக்க, அழைப்பு கடல் கடந்து இந்திய நிலையத்துக்குப் போகிறது. அவர் அதை எடுக்கவில்லை. எடுக்காத அழைப்பைக் குரற்பெட்டிக்குத் திருப்பும்படி முன்னரே ஏற்பாடு செய்திருந்தால், அவ்வழைப்பு மறுபடியும் கடல் கடந்து கொழும்பிலுள்ள குரற்பெட்டிக்கே வந்து சேரும். போன வழிக்கு ஒன்று, திரும்பிய வழிக்கு ஒன்று என இரு சர்வதேசக் கட்டணங்கள் பயணியின் தலையில் விழக்கூடும். புறப்படும் முன் ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லாத் திருப்பங்களும் நீங்கிவிடும். இக்குறியீடு உலகப் பொதுத்தரத்தில் அமைந்தது. குரற்பெட்டி மீண்டும் வேண்டுமானால், திரும்பி வந்தபின் அதனைப் புதிதாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தமிழுக்கு எழுபது இடம்

குறுஞ்செய்தியிலே இரு கட்டணம் கழிவதற்கு உள்ள காரணம் தமிழ் மக்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டியது.

1985ஆம் ஆண்டளவில் ஜேர்மன் பொறியியலாளரான பிரீடெல்ம் ஹில்லபிராண்ட் என்பவர், அஞ்சலட்டை முதலியவற்றில் மக்கள் எழுதும் வாசகங்களின் நீளத்தை ஆராய்ந்து, ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்ற முடிவுக்கு வந்தார். 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அந்த 160 என்பது ஆங்கிலம் போன்ற மொழிகளின் எழுத்துக்கே பொருந்தும். ஒரு செய்தியின் கொள்ளளவு 1120 நுண்கூறுகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7 நுண்கூறு போதும். ஆகவே 160 எழுத்து அடங்குகிறது. தமிழ் எழுத்துகளை அனுப்பும் யுனிகோட் முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் 16 நுண்கூறு வேண்டும். ஆகவே 70 இடமே கிடைக்கிறது.

இங்கே "எழுத்து" என்னாது "இடம்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் ஓர் எழுத்தாகக் கருதும் "யா" என்பதை இயந்திரம் "ய" ஒன்று, கால் ஒன்று என இரண்டாக எண்ணும். புள்ளி வைத்த மெய்யும் அவ்வாறே இரண்டு. யாழ்ப்பாணம் என்னும் சொல்லில் நமது கணக்குப்படி 6 எழுத்து. இயந்திரத்தின் கணக்குப்படி 11 இடம். கொழும்பு என்பதில் 4 எழுத்து, 8 இடம்.

விடுதியை அடைந்த ஒரு மாணவி தாயாருக்கு இவ்வாறு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மா, நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நாளை காலை பேசுகிறேன். பணம் வேண்டாம்." மொத்தம் 10 சொற்கள், 35 எழுத்துகள். இடைவெளியும் நிறுத்தக் குறிகளும் உட்பட இயந்திரம் எண்ணுவதோ 76 இடங்கள். 70ஐத் தாண்டிவிட்டமையால் இஃது இரண்டு செய்தியாகவே அனுப்பப்படும். இரண்டு கட்டணம் கழியும். கடைசி இரண்டு சொற்களை விட்டிருந்தால் 61 இடத்தோடு ஒரே செய்தியாக முடிந்திருக்கும். பணம் வேண்டாம் என்ற சொற்களே பணத்தை இரட்டித்துவிட்டன!

செய்தி ஒன்றுக்கு மேற்பட்டதாகும்போது, துண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டியிருக்கிறது. ஆகவே தமிழில் ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடமே எஞ்சும். 134 இடம் வரை இரண்டு செய்தி, அதற்கு மேற்பட்டால் மூன்று. பெறுபவரின் கைபேசி துண்டுகளை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டுவதால், ஒன்றுதானே அனுப்பினோம் என்று இரு பக்கத்தாரும் எண்ணுகின்றனர். அன்றியும், ஆங்கிலச் செய்தியின் நடுவிலே ஒரேயொரு தமிழ் எழுத்தையோ, சிரிக்கும் முகம் போன்ற ஒரு சித்திரத்தையோ சேர்த்தால், முழுச் செய்தியும் 70 இடக் கணக்குக்கு மாறிவிடும். தமிழுக்கெனச் சுருக்கமான எழுத்துப் பட்டியல் ஒன்று கைபேசித் தரநூலிற் சேர்க்கப்பட்டிருப்பது உண்மையே. அனுப்பும் கருவி, பெறும் கருவி, இடையிலுள்ள நிலையம் ஆகிய யாவும் அதனை ஏற்றாலன்றி அது பயன் தராது.

இதற்காகத் தமிழில் எழுதுவதைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு செய்திக்கு உரிய சேதி என்றால் இரண்டு செய்திக்கு உரியதாகவே அதை அறிந்து அனுப்புவோம். பல கைபேசிகள் எழுதும் கட்டத்தின் ஓரத்தில் எஞ்சிய இடத்தையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் காட்டுகின்றன. அந்தச் சிறிய எண்ணைப் பார்க்கும் பழக்கமே போதுமானது.

பெக்கேஜும் சந்தாவும் வரியும்

இணையப் பெக்கேஜ் வாங்கியிருக்கும்போதே முதன்மைக் கணக்கிலிருந்தும் பணம் கழிவது மூன்றாவது குழப்பம். பெக்கேஜின் அளவு தீர்ந்தபின் அல்லது அதன் காலம் முடிந்தபின் இணையம் திறந்தே இருந்தால், சாதாரணக் கட்டணத்தில் முதன்மைக் கணக்கிலிருந்து கழியத் தொடங்குவதுண்டு. இரவிற் கைபேசி உறங்குவதில்லை. அதிலுள்ள செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. தானாகவே புதுப்பிக்கப்படும் பெக்கேஜ்களும் உண்டு. அவ்வாறு புதுப்பிக்கப்பட்டதை அறியாமல் நாமும் ஒன்றை வாங்கினால், இரு முறை கழிந்ததாகவே தெரியும்.

சந்தா சேவைகளையும் இங்கே சேர்க்க வேண்டும். அழைப்பவர் கேட்கும் பாட்டு, சோதிடம், விளையாட்டுச் செய்தி என நாள்தோறும் சில ரூபா கழியும் சேவைகள் பல. பாட்டனாரின் விரல் தவறிப் பட்டதால் ஆரம்பித்த சந்தா மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. அவசரத்துக்குக் கைபேசியிற் கடன் பெற்றவருக்கு, அடுத்த ரீலோட்டின்போது கடனும் அதற்கான சேவைக் கட்டணமும் சேர்ந்து கழியும். ரீலோட் குறைந்து வந்ததாக அவர் எண்ணிவிடுகிறார்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். கட்டணம் ஒரு வரியிலும் அரசாங்க வரி அடுத்த வரியிலும் தனித்தனியே காட்டப்படுமானால், ஒரு சேவைக்கு இரண்டு கழிவு என்றே தோன்றும். நம் நாட்டிற் பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. 100 ரூபாக் கட்டணத்துக்கு அவ்வரி மாத்திரமே 18 ரூபா. வேறு வரிகள் சேர்ந்தால் இன்னும் கூடும். விளம்பரத்திற் காணும் விலை வரி உட்பட்டதா, நீங்கலானதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நன்று.

வங்கி அட்டையிலும் கடையிலும்

வங்கி அட்டையால் ரீலோட் செய்பவர்களுக்கு இன்னொரு வகை அனுபவம் நேர்கிறது. அட்டைக் கொடுப்பனவு இரண்டு படிகளில் நிறைவேறுவது. முதலிலே வங்கி தொகையை ஒதுக்கி வைக்கிறது. பின்னரே அத்தொகை உரியவரைச் சென்றடைகிறது. சில வேளைகளில் இவ்விரு படிகளும் சிறிது காலம் இரண்டு பதிவுகளாகவே கணக்கிற் காணப்படும். நிலுவையில் உள்ளது என்று குறிக்கப்பட்ட பதிவு பெரும்பாலும் சில நாட்களில் தானே மறைந்துவிடும்.

ஆனால் இணையம் மந்தமாக இருக்கும் வேளையில், "பணம் செலுத்துக" என்னும் பொத்தானைப் பொறுமையிழந்து மறுபடியும் அழுத்தினால், உண்மையாகவே இரண்டு கொடுப்பனவு நிகழக்கூடும். கடையிலும் இதுவே கதை. உறுதிச் செய்தி வரத் தாமதமானதும் கடைக்காரர் மீண்டும் ஒரு முறை அனுப்புகிறார். பின்னர் இரண்டும் வந்து சேர்கின்றன. எனவே மீதியைப் பார்த்து, முதலாவது ரீலோட் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே இரண்டாவது முயற்சியில் இறங்க வேண்டும்.

உண்மையான இரட்டை அறவீடு

இவ்வளவும் சொல்லிவிட்டபடியால், கம்பெனிக்காகப் பேசுகிறோம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. ஒரே அழைப்புக்கு உண்மையாகவே இருமுறை அறவிடுதல் நிகழக்கூடியதே. நிலையத்திலிருந்து கணக்கு இயந்திரத்துக்குச் செல்லும் வேண்டுகோளுக்கு விடை வராவிட்டால், நிலையம் அதனை மறுபடியும் அனுப்பும். ஒரே வேண்டுகோள் இருமுறை வந்தால் இயந்திரம் அதை அடையாளம் கண்டு, ஒருமுறை மாத்திரமே கழிக்க வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தொடர்இலக்கம் இடும்படி மேலே சொன்ன சர்வதேச விதிகள் கூறுகின்றன. அந்த இலக்கத்தைச் சரிபார்ப்பதில் எங்கேனும் தவறு நேர்ந்தால், அப்பாவியான பாவனையாளரின் பணம் இருமுறை போய்விடும்.

இதனைக் கண்டறியும் அடையாளம் எளிது. பாவனை விபரத்தில் ஒரே எண், ஒரே திகதி, செக்கன் வரை ஒரே நேரம், ஒரே கால அளவு, ஒரே தொகை ஆகியவை இருமுறை பதிவாகியிருந்தால், அது கேட்க வேண்டிய பிழை. நேரம் சற்றேனும் வேறுபட்டிருந்தால், அது இரண்டு அழைப்பாகவோ ஒரு செய்தியின் இரண்டு துண்டாகவோ இருக்கலாம். அதற்கும் விளக்கம் கேட்கலாம். கைபேசியின் அழைப்புப் பட்டியலில் ஓர் அழைப்பே இருக்க, கம்பெனியின் விபரத்தில் இரண்டு இருந்தால், உமது பக்கம் வலுவான சான்று உண்டு.

கேட்கும் முறை

முறைப்பாட்டைச் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். "காசை எல்லாம் எடுத்துவிட்டீர்கள்" என்று சொன்னால், மறுமுனையில் இருக்கும் உத்தியோகத்தரால் எதையும் தேடிப் பார்க்க இயலாது. "இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன எண்ணுக்கு எடுத்த அழைப்பு, முன்னிருந்த மீதி இவ்வளவு, பின்னிருந்த மீதி இவ்வளவு, கழிந்த தொகை இவ்வளவு" என்று சொன்னால், அவர் அந்தப் பதிவைத் தேடிப் பார்த்தே விடை சொல்லியாக வேண்டும். மீதியைக் காட்டும் திரையைப் படம் பிடித்து வைப்பதும், கம்பெனியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைப்பதும் உதவும்.

முறைப்பாட்டைப் பதிந்தவுடன் அதற்குரிய இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தக்க விடை கிடையாவிட்டால், அந்த இலக்கத்தோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நாடலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், அதனை 1996இல் திருத்திய சட்டமும் அவ்வாணைக்குழுவுக்கு அடிப்படை. பாவனையாளரின் நலனைக் காப்பதும் அதன் கடமைகளுள் ஒன்று. 1900 என்னும் இலக்கத்தில் அதனோடு தொடர்புகொள்ளலாம். தமிழும் அரசகரும மொழியாதலால், கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வங்கி அட்டையில் நேர்ந்த இரட்டிப்புக்கு முதலில் வங்கியையே கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், கைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று எவரேனும் தாமாக அழைத்தால், அவர் பணம் தர வந்தவரல்லர், பறிக்க வந்தவர். திருப்பித் தரவேண்டிய தொகையைக் கணக்கிற் சேர்ப்பதற்கு உமது இரகசிய இலக்கம் எவருக்கும் தேவையில்லை. பத்து ரூபாவைத் திரும்பப் பெறுவதற்காக வங்கிக் கணக்கையே இழந்துவிடக் கூடாது.

ஒரு சிறு குறிப்புப் புத்தகம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. கைபேசியின் அருகே ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை வைத்து, ரீலோட் போட்ட திகதி, தொகை, பெக்கேஜ் முடியும் நாள் ஆகிய மூன்றையும் எழுதிவந்தால், நாம் இதுகாறும் சொன்ன குழப்பங்களுட் பாதி தோன்றும் முன்னரே மறைந்துவிடும். வீட்டிலுள்ள மாணவர்கள் இவ்வேலையை ஏற்றுக்கொள்ளலாம். வாரத்துக்கொரு முறை பாட்டியாரின் கைபேசியை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் எவை என்று பார்த்து, வேண்டாதவற்றை அவருடைய சம்மதத்தோடு நிறுத்திக் கொடுப்பது பெரிய உதவியாகும். பள்ளியிற் கற்ற கூட்டலும் கழித்தலும் வீட்டுக்குப் பயன்பட இதனினும் எளிய வழி உண்டோ?

கழிந்த தொகை இரண்டு ரூபாவாக இருக்கலாம், அது பெரிதன்று. தம் பணம் எங்கே போயிற்று என்று தெரியாமலே நாள்தோறும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் வழக்கம் மக்களிடையே வேரூன்றிவிடுவதே பெரிது. கணக்குத் தெரிந்தவர் வீணே எவர்மீதும் பழி சுமத்தமாட்டார். உரியதைக் கேட்காமல் விடவுமாட்டார். முன்னரே பணம் கொடுத்தவருக்குப் பின்னரும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே அறிந்து வளரட்டும்.